நெல்லிக்குப்பம் அருகே ஒரு வீட்டு முயல் பண்ணை: ஈன்ற பத்து நாட்களுக்குள் நேர்ந்த குட்டி இறப்புகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் ஒரு கிராமத்தில், கணவன், மனைவி, கணவனின் தாயார் ஆகிய மூவர் நடத்தும் சிறிய முயல் பண்ணையில் 2023 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி என்னை அழைத்தார்கள். பெயரையும் ஊரையும் குறிப்பிடாமல் எழுத அவர்கள் இசைவு தந்திருக்கிறார்கள்.

பண்ணையில் 8 பெண் முயல்களும் 2 கிடாக்களும் இருந்தன. சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகிய இரண்டு இனங்களும் அவற்றின் கலப்பும் அவை. கணவர் கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர் ஓட்டப் போய்விடுவதால், முயல்களின் முழுப் பொறுப்பும் மனைவியிடம் இருந்தது. வீட்டின் பின்புறம் சிமெண்ட் ஓட்டுக் கூரை போட்ட கொட்டகையில், இரும்புச் சட்டத்தின் மேல் கம்பிவலைக் கூண்டுகள் இரண்டு வரிசையாக நின்றன. தீவனத்தில் குறையொன்றும் இல்லை. வேலிமசாலும் அகத்தியும் வரப்பிலேயே வளர்ந்தன. மக்காச்சோளம், தவிடு, மல்லாட்டை (நிலக்கடலை)ப் புண்ணாக்கு, தாது உப்பு ஆகியவற்றைக் கலந்த அடர் தீவனமும் கொடுத்து வந்தார்கள். பெண் முயல்கள் நல்ல உடற்கட்டோடு இருந்தன, சினையும் பிடித்தன. ஆனால் குட்டிகள் நிற்கவில்லை.

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தப் பெண்மணி ஈற்றுத் தேதியையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 2022 அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை 11 ஈற்றுகளில் உயிரோடு பிறந்த குட்டிகள் 68. அவற்றில் 35-ஆம் நாள், அதாவது தாயிடமிருந்து பிரிக்கும் நாள் வரை தேறியவை 21 மட்டுமே. இறந்த 47-இல் பெரும்பாலானவை முதல் பத்து நாட்களுக்குள் போனவை என்று அவர் சொன்னார். “நோய் விழுந்துவிட்டது சார், ஊசி ஏதாவது போட முடியுமா” என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. பண்ணையையே மூடிவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

முதல் வருகையில் கண்டவை

நோய் என்று ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருந்தது. தொற்று நோயாக இருந்தால் தாய் முயல்களிடமும் வளர்ந்த குட்டிகளிடமும் அதன் தடம் தெரிய வேண்டும். மூக்கொழுக்கோ கழிச்சலோ காதுச் சொறியோ எதிலும் இல்லை. பத்து நாளைக் கடந்த குட்டிகள் பெரும்பாலும் தேறியும் விட்டன. அப்படியென்றால் பிறந்த முதல் சில நாட்களுக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று தவறுகிறது என்று எண்ணினேன்.

ஈனும் பெட்டியாக அவர்கள் வைத்திருந்தது சந்தையில் தக்காளி ஏற்றி வரும் பிளாஸ்டிக் கிரேட். நான்கு பக்கமும் அடியும் ஓட்டைகள். உள்ளே பழைய சாக்கு ஒன்று மடித்துப் போடப்பட்டிருந்தது. முயல் உள்ளே ஏற வசதியாக ஒரு பக்கத்தை 6 செ.மீ. உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். இனச்சேர்க்கைத் தேதியைக் குறிக்கும் வழக்கம் இல்லாததால், வயிறு பெருத்துவிட்டது என்று கண்ணால் பார்த்துப் பெட்டி வைப்பார்கள். சில முறை அதற்குள் முயல் கம்பிவலை மீதே ஈன்றுவிட்டிருந்தது.

குட்டிகளைக் கையாள்வதிலும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பழக்கங்கள் இருந்தன. மனித வாடை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கையில் முதல் மூன்று நாள் யாரும் பெட்டிப் பக்கமே போவதில்லை. ஆகவே இறந்த குட்டி உயிருள்ள குட்டிகளோடு சேர்ந்து அங்கேயே கிடக்கும். அதன் பிறகு, தாய் பால் கொடுப்பதைப் பகலில் ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லையே என்ற கவலையில், குட்டிகளை எடுத்துப் பசும்பாலைச் சொட்டு மருந்துக் குழாயால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை புகட்டுவார்கள். இரண்டுமே அக்கறையால் செய்தவை. குடும்பத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. முயல் தன் குட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை, எப்போதாவது இரண்டு முறை, அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே பாலூட்டும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் இருக்கும் இடத்தை அண்டாது. காட்டில் நரியும் பாம்பும் மோப்பம் பிடித்து வராமல் இருக்க இயற்கை தந்த பழக்கம் அது. ஆட்டையும் மாட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தாய் குட்டிகளைக் கைவிட்டதுபோலத்தான் தெரியும்.

இறந்த ஒவ்வொரு குட்டியையும் பார்ப்பது என்ற முடிவு

அன்று நான் எந்த மருந்தும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலையை மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்து ஈனும் முயல்களின் குட்டி எது இறந்தாலும் அதைத் தூக்கி எறியாமல் மூன்றை எழுதி வைக்க வேண்டும்: எங்கே கிடந்தது, எந்த நேரத்தில் கண்டார்கள், வயிறு எப்படி இருந்தது. பிறந்து சில நாளே ஆன முயல் குட்டிக்கு முடி கிடையாது. வயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லியது. பால் குடித்திருந்தால் இடப்பக்கத்தில் வெள்ளைப் பட்டை போல அது வெளியிலிருந்தே தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். அறுத்துப் பார்க்கத் தேவையில்லை.

அந்த வாரமே இரண்டு முயல்கள் ஈன்றன. 3-ஆம் கூண்டில் 9 குட்டிகள். அடுத்த இரண்டாம் நாள் 5-ஆம் கூண்டில் 5 குட்டிகள். முதல் ஐந்து நாளில் இந்த 14-இல் 6 இறந்தன. குறிப்பேட்டோடு இரண்டாவது முறை உட்கார்ந்தபோது படம் தெளிவாயிற்று.

மூன்று குட்டிகள் பெட்டிக்கு வெளியே, கம்பிவலைத் தளத்தில் விறைத்துக் கிடந்தன. மூன்றையும் கண்டது காலை ஆறு மணி வாக்கில். மூன்றின் வயிற்றிலும் பால் நிறைந்திருந்தது. இரண்டு குட்டிகள் 3-ஆம் கூண்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிய வயிற்றோடு இறந்தன. கூடப்பிறந்தவற்றைவிட அவை மிகச் சிறியவை. மீதம் ஒன்று, மதியம் பசும்பால் புகட்டியபின் மாலையில் இறந்தது. அதன் மூக்கில் பால் நுரைத்திருந்தது, பால் மூச்சுக்குழலில் இறங்கியிருக்கிறது.

ஆக, “குட்டி நிற்பதில்லை” என்று ஒரே சொல்லில் அவர்கள் சொல்லி வந்தது உண்மையில் மூன்று வேறு இறப்புகள். வயிறு நிறையப் பால் குடித்த குட்டி வெளியே செத்துக் கிடப்பதற்கும், பாலே கிடைக்காத குட்டி உள்ளே சாவதற்கும் தீர்வு ஒன்றாக இருக்க முடியாது. எந்த ஊசியும் இந்த மூன்றில் ஒன்றையும் தடுத்திருக்காது.

விடியற்காலையில் கண்டது

வெளியே கிடந்த குட்டிகள் எப்படி வெளியே வந்தன என்பதை நேரில் பார்க்க விரும்பினேன். ஆறாம் நாள் அதிகாலை நாலரை மணிக்குக் கொட்டகைக்குள் விளக்குப் போடாமல் நானும் அந்தப் பெண்மணியும் உட்கார்ந்தோம். வெப்பமானி 23 டிகிரி காட்டியது.

ஐந்தே கால் இருக்கும். 3-ஆம் கூண்டுத் தாய் தண்ணீர் குடித்துவிட்டு, கிரேட்டின் வெட்டிய பக்கத்தைத் தாண்டி உள்ளே போய்க் குட்டிகளின் மேல் குனிந்து நின்றது. சாக்குக்கு அடியிலிருந்து குட்டிகள் துள்ளித் துள்ளிக் காம்பைத் தேடும் சத்தம் கேட்டது. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, தாய் சட்டென்று வெளியே குதித்தது. அதன் வயிற்றடியில் காம்பைக் கவ்வியபடி ஒரு குட்டி தொங்கிக்கொண்டே வந்து, கூண்டின் நடுவில் தொப்பென்று விழுந்தது. தாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய் அகத்தித் தழையைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

பூனையும் நாயும் குட்டியைக் கவ்வித் தூக்கி இடம் மாற்றும். முயல் அப்படிச் செய்யாது. கூட்டை விட்டு வெளியே விழுந்த குட்டி தானாகத் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கண் திறக்காத, முடி முளைக்காத குட்டியால் அது முடியாது. வழக்கமாக 6 செ.மீ. விளிம்பில் குட்டி தட்டிக் காம்பை விடுவதில்லை. விளிம்பு உயரமாக இருந்தால் தாய் தாண்டும்போது குட்டி அதில் இடித்து உள்ளேயே விழுந்துவிடும்.

விழுந்த குட்டியை உடனே எடுக்காமல், எவ்வளவு விரைவில் குளிர்கிறது என்று பார்க்க நான் பத்து நிமிடம் காத்திருந்தேன். அது தேவையற்ற சோதனை, இன்று செய்ய மாட்டேன். எடுத்தபோது குட்டி ஈரக்களிமண் போல இருந்தது, அசையவில்லை. “போய்விட்டது சார்” என்றார் அந்தப் பெண்மணி. உள்ளங்கைகளுக்கு நடுவே பொத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி மாமியார் கொண்டுவந்தார். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து அதன் வாய் ஒருமுறை திறந்து மூடியது, பிறகு பின்னங்கால் உதைத்தது. அதற்கு முன்பு அவர்கள் எறிந்த குட்டிகளில் எத்தனை இப்படி இருந்தனவோ என்று அவர் அப்போதே வருந்தினார். குளிர்ந்த குட்டியைச் சூடேற்றிப் பார்க்கும் வரை இறந்ததாக எண்ணக் கூடாது என்பதும், உடல் சூடாகாமல் வாயில் பால் புகட்டக் கூடாது என்பதும் அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் பதிந்துவிட்டன.

கடலூர் பக்கம் குளிர் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். நமக்கு இதமான 23 டிகிரி, பிறந்த முயல் குட்டிக்கு உயிர்போகும் குளிர். முதல் ஏழு முதல் பத்து நாள் வரை அதனால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. கூட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அன்று கிரேட்டுக்குள் வெப்பமானியை வைத்தபோது 27 காட்டியது. தாய் வயிற்று முடியைப் பிடுங்கிப் போட்டிருந்தது உண்மைதான், ஆனால் ஓட்டைகள் வழியே பாதி முடி கீழே சாண வாளியில் கிடந்தது. சாக்கும் மூத்திரத்தில் ஊறியிருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் வேலை பெட்டி. ஊர்த் தச்சரிடம் பிளைவுட்டில் 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் நான்கு பெட்டிகள் செய்யச் சொன்னோம். முன்பக்க நுழைவின் அடி விளிம்பு 15 செ.மீ. அடிப்பலகையில் மூத்திரம் வடியச் சிறு துளைகள் மட்டும். வெயிலில் காயவைத்த அருகம்புல்லையும், இழை பிரித்துச் சிறிதாக வெட்டிய தேங்காய் நாரையும் உள்ளே திணித்து நடுவில் கையால் குழி செய்தோம். நாரை நீளமாகப் போட்டால் குட்டியின் காலில் சுற்றி இறுகிவிடும், ஆகவே வெட்டுவது அவசியம். ஒவ்வொரு ஈற்றுக்கும் பின் பெட்டியைக் கழுவி முழு நாள் வெயிலில் வைப்பது என்று முடிவாயிற்று.

முயலின் சினைக்காலம் 31 நாள், ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். இனச்சேர்க்கை நாளை எழுதி வைத்தால் 28-ஆம் நாள் பெட்டி வைக்கலாம். அதற்கு வெகு முன்னே வைத்தால் முயல் அதையே கழிப்பிடமாக்கிவிடும். 12 முதல் 14 நாளுக்குள் அடிவயிற்றை விரல்களால் மெதுவாகத் தடவி, திராட்சைப் பழம் போலத் தட்டுப்படுகிறதா என்று சினை பார்க்கும் முறையை அந்தப் பெண்மணிக்குக் காட்டிக்கொடுத்தேன். மூன்றாவது முயலிலேயே அவர் விரல் சரியாகச் சொல்லிவிட்டது.

பெட்டியை ஈன்ற அன்றே பார்ப்பது, பிறகு தினமும் காலை ஒரு முறை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். தாய்க்கு ஒரு கைப்பிடி வேலிமசால் கொடுத்து அது தின்னும்போது, கையை அந்தக் கூண்டின் புல்லிலேயே தேய்த்துக்கொண்டு, முடியை விலக்கி எண்ணுவார். இறந்ததையும் நஞ்சுக்கொடி மிச்சத்தையும் எடுத்துவிட்டு முடியை மீண்டும் மூடுவார். தினமும் கையால் தீவனம் தரும் மனிதரின் வாடையை எந்த முயலும் பகையாகக் கொள்ளவில்லை. குட்டியைத் தின்ற நிகழ்வு ஒன்று முன்பு நடந்தது உண்மை. ஆனால் அந்த முயல் ஈன்ற இரவு மண் சட்டியில் தண்ணீர் காலியாகிக் கிடந்ததை மாமியார் நினைவுகூர்ந்தார். ஈனும் நேரத்துத் தாகம் கொடுமையானது. பாலூட்டும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். இரவுக்கு இரண்டாவது சட்டி வைப்பது அன்றே தொடங்கியது. தீபாவளி வாரத்தில் ஈன்ற இரண்டு முயல்கள் வெடிச் சத்தத்தில் மிரண்டு பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிட்டதும் நாட்காட்டிக் குறிப்பில் இருந்தது. ஆகவே அந்தச் சமயத்தில் ஈற்று விழாதபடி இனச்சேர்க்கையைத் தள்ளி வைத்தோம்.

பசும்பால் புகட்டுவதை முற்றிலும் நிறுத்தினோம். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வேளை குடித்தே குட்டி ஒரு வாரத்தில் இரு மடங்கு எடை ஏறுவது அதனால்தான். காலையில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அன்று அந்தக் குட்டிக்கு வேறெதுவும் தேவையில்லை. மாமியார் பூக்கட்டி விற்பவர் என்பதால் வீட்டில் மின்னணுத் தராசு ஒன்று இருந்தது. மல்லிகை நிறுத்த அந்தத் தட்டிலேயே குட்டிகளை நிறுத்து எழுதினோம்.

வயிறு ஒட்டி இறந்த இரண்டு குட்டிகளைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 3-ஆம் கூண்டுத் தாய்க்குக் காம்பு 8, குட்டி 9. பக்கத்துக் கூண்டில் 5 குட்டிகளோடு இருந்த தாய் இரண்டே நாள் பிந்தி ஈன்றது. இரண்டு குட்டிகளை அங்கே மாற்றியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கலாம். அதற்காக இனச்சேர்க்கையை இணை இணையாக, ஒரே நாளில் இரண்டு முயல்களுக்குச் செய்வது என்று மாற்றினோம். வயது வித்தியாசம் மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும், மாற்றும் குட்டியைப் புதுத் தாயின் முடியில் புரட்டி உள்ளே வைக்க வேண்டும். மிகச் சிறியதை விட்டுவிட்டு நடுத்தர எடையுள்ளதை மாற்றுவதே நல்லது. சிறியதைப் பெரிய குட்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டால் அங்கேயும் அதற்குக் காம்பு கிடைக்காது.

முதல் வாரம் காம்பில் தொங்கி வரும் குட்டிகளைத் தடுக்க, கட்டுப்படுத்திய பாலூட்டலையும் இரண்டு முயல்களுக்குச் செய்தோம். பெட்டியின் வாயை இரவில் பலகையால் மூடிவிட்டு, விடியற்காலையில் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் திறந்துவிடுவது. தாய் இரண்டே நாளில் பழகி, பலகையை எடுக்கும் முன்பே வாயிலில் வந்து நின்றது.

மல்லாட்டைப் புண்ணாக்கு மூட்டையின் அடிப்பகுதியில் பூசணம் கண்டிருந்தது. ஈரப்பதம் மிகுந்த நம் கரையோர மாவட்டத்தில் அது வழக்கம். பூசண நஞ்சுக்கு முயல் மிக எளிதில் இலக்காகும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பாததால் இறப்புக் காரணங்களில் சேர்க்கவில்லை. மூட்டையைக் கொட்டிவிட்டு, மரச்சட்டத்தின் மேல் சிறு அளவில் வைத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

கோடையில் வந்த இரண்டு பின்னடைவுகள்

ஏப்ரல், மே மாதங்களில் 7 ஈற்றுகளில் 46 குட்டிகள் பிறந்தன. அவற்றில் தேறியவை 31. முன்பைவிட மேல் என்றாலும், இந்த 15 இறப்புகளில் 11 எங்கள் மாற்றங்களின் பக்கவிளைவால் வந்தவை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் கொட்டகைக்குள் வெயில் 38 டிகிரியைத் தொட்டது. குளிரைப் பற்றியே பேசிப் பழகிய நாங்கள் பெட்டியில் புல்லும் முடியும் நிறைய வைத்திருந்தோம். 6-ஆம் கூண்டுக் குட்டிகள் முடிக்கு மேலே ஏறி, ஒன்றையொன்று தொடாமல் மூலைக்கொன்றாக மல்லாந்து கிடந்தன. தோல் சிவந்து, மூச்சு வேகமாக இருந்தது. நான்கு அன்று மாலைக்குள் இறந்தன. குளிரும் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும், வெந்து தவிக்கும் குட்டிகள் பிரிந்து கிடக்கும். இந்த வேறுபாட்டை நான் முன்னரே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாதி முடியை எடுத்தோம், பெட்டியின் மேல்மூடியை நீக்கிக் கம்பிவலை போட்டோம், சிமெண்ட் ஓட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். மேற்குப் பக்கம் நனைத்த சாக்குத் திரை தொங்கவிடச் சொன்னதும் நான்தான்.

அந்தத் திரைதான் அடுத்த இழப்புக்கு வழியாயிற்று. கூண்டுச் சட்டத்தின் கால்கள் ஒவ்வொன்றும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன, எறும்பு ஏறாது என்று நம்பிக்கையாக இருந்தோம். சாக்குத் திரையின் கீழ்நுனி தரையிலும், நடுப்பகுதி 2-ஆம் கூண்டின் கம்பியிலும் பட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஓர் இரவில் சிவப்பெறும்புகள் திரை வழியே ஏறி, ஈன்று ஒரு நாளே ஆன 7 குட்டிகளையும் மொய்த்துவிட்டன. தாய் பெட்டிக்கு வெளியே கால் உதறிக்கொண்டு நின்றது. காலையில் அந்தப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தபோது பேசக்கூட முடியவில்லை. பிறகு திரையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, கூண்டிலிருந்து விலக்கிக் கட்டினோம். கிண்ணத் தண்ணீரின் மேல் சிறிது எண்ணெய் விட்டோம், வெயிலில் சீக்கிரம் வற்றாது.

மே தொடக்கத்திலிருந்து ஜூன் இறுதி வரை இனச்சேர்க்கையை நிறுத்தினோம். கடும் வெப்பத்தில் கிடா முயலின் விந்து வளம் குன்றும், தெளிய இரண்டு மாதம் வரை ஆகும். ஜூலையில் மீண்டும் சேர்த்தபோது முதல் சேர்க்கைகள் பல சினை பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று கொள்கிறேன்.

பருவமழைக் காலமும் விளைவும்

2023 செப்டம்பர் முதல் 2024 ஜனவரி வரை 12 ஈற்றுகளில் உயிரோடு பிறந்தவை 77. அவற்றில் 35-ஆம் நாளைக் கடந்தவை 66. முந்தைய அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நூற்றுக்கு 31 தேறிய இடத்தில் இப்போது 86 தேறின. பெட்டிக்கு வெளியே விறைத்த குட்டி ஒன்றுகூட இல்லை.

மழை நாட்களுக்கு மிக உதவியது கோடையில் எடுத்து வைத்த முடி. அதை உலர்த்தித் துணிப் பையில் கட்டி வைத்திருந்தார் மாமியார். தலைச்சன் ஈற்று முயல் ஒன்று முடியே பிடுங்காமல் நவம்பர் மழை இரவில் ஈன்றபோது, அந்தப் பையிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துக் குட்டிகளை மூடினார்கள். ஆறும் பிழைத்தன.

இறந்த 11-இல் 6 முதல் மூன்று நாளில் போனவை. எல்லாமே பிறக்கும்போது 35 கிராமுக்குக் குறைவானவை. இயல்பான குட்டி 40 முதல் 60 கிராம் இருக்கும். இரண்டு குட்டிகள் 25 நாளுக்குப் பின் கழிச்சலில் இறந்தன. ஒரே நாளில் பசுந்தழையை மிகுதியாகக் கொடுத்துவிட்டார்கள்.

மீதம் மூன்று மடிநோயால் வந்தவை. அக்டோபரில் 1-ஆம் கூண்டுத் தாய், ஈன்ற பதினைந்தாம் நாள் குட்டிகளை உதறத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தபோது ஒரு மடி கல்லாக இறுகி, சுட்டு, நீலம் பாரித்திருந்தது. வீட்டிலிருந்த அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கணவர் எடுத்துவிட்டார். நல்லவேளை முதலில் எனக்குத் தொலைபேசி செய்தார். பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழி கொடுத்தால் குடலின் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து முயலே இறந்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து உரிய ஊசி போட்டார். அந்த 7 குட்டிகளை வேறு தாயிடம் சேர்க்கவில்லை, சேர்த்தால் கிருமி அந்த மடிக்கும் பரவும். ஆட்டுப்பாலை நாக்கில் துளித்துளியாகத் தொட்டு நக்கவைத்தும், நறுக்கிய இளம்புல்லை முன்னே வைத்தும் நான்கைக் காப்பாற்றினோம். கண் திறந்து தழை கடிக்கும் வயதில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் எல்லாமே போயிருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெட்டி, தண்ணீர், இணை ஈற்று, தினப் பார்வை ஆகியவற்றை ஒரே மாதத்தில் மாற்றியதால், எது எவ்வளவு குட்டியைக் காத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒவ்வொன்றாகச் சோதித்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் குட்டிகள்தான் வேண்டியிருந்தன. ஆனால் கோடைக்கான ஏற்பாடுகளை மார்ச்சிலேயே, வெயில் ஏறும் முன் பேசியிருக்க வேண்டும். புதிதாக எதைக் கொட்டகையில் கட்டினாலும், அது தரையையும் கூண்டையும் இணைக்கிறதா என்று பார்ப்பதை இப்போது நான் போகும் எல்லா இடத்திலும் முதலில் செய்கிறேன்.

4-ஆம் கூண்டு முயலைப் பற்றிய முடிவும் தாமதமாயிற்று. அது பெட்டியை விட்டுக் கூண்டெங்கும் குட்டிகளைச் சிதற ஈனும். தலைச்சன் ஈற்றில் அப்படிச் செய்தால் பொறுக்கலாம், இரண்டாவதிலும் செய்தால் பெட்டியையும் தண்ணீரையும் சந்தேகிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் மூன்றாவது ஈற்றிலும் செய்த பிறகே அதை இனவிருத்தியிலிருந்து நீக்கினார்கள். பால் மறந்த பெண் குட்டிகளில் எதை நிறுத்திக்கொள்வது என்பதையும் இப்போது தாயின் அட்டையைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு கூண்டின் முன்பும் தொங்கும் அந்த அட்டையில் சேர்த்த நாள், பெட்டி வைத்த நாள், பிறந்தவை, 21-ஆம் நாள் எண்ணிக்கை, 35-ஆம் நாள் எண்ணிக்கை ஆகியவை இருக்கின்றன. இறந்த குட்டி எங்கே, எந்த வயிற்றோடு கிடந்தது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஜனவரியில் நான் கடைசியாகப் போனபோது எட்டு அட்டைகளில் ஐந்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.